படப்பெட்டி திறக்கவில்லை

குழு: பாட்டி வீட்டு ஆட்கள்

காலை 7:40
பெரியப்பா: புது லேப்டாப்பில் படப்பெட்டி திறக்கவில்லை, அதுதான் நம் வீட்டு நெட்வொர்க்கில் மாட்டி போட்டோக்களைச் சேர்த்துவைத்திருக்கும் பெட்டி. வயரை இரண்டு தடவை கழற்றி மாட்டிவிட்டேன். தலைதிவசத்துக்கு அம்மா படத்தை 11 மணிக்குள் ஸ்டூடியோவில் கொடுக்க வேண்டும்.

சித்தி: வாட்ஸ்அப்பில் கிடப்பதையே கொடுத்துவிடுங்கள் அத்தான்.

பெரியப்பா: அது பெரிதாகப் போட்டால் புள்ளிபுள்ளியாகத் தெரியும்மா.

தேன்மொழி: பெரியப்பா, டிவியில் அந்தப் படங்கள் வருகின்றனவா?

பெரியப்பா: வருகிறது. பழைய லேப்டாப்பிலும் வந்தது. அதைத்தான் பேரன் தூக்கிக்கொண்டு போய்விட்டானே.

தேன்மொழி: அப்போ பெட்டி நன்றாக இருக்கிறது. வயரை விடுங்கள். கமாண்ட் பிராம்ப்டில், அதாவது கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னலில், பிங் (ping) என்று அடித்து, இடம் விட்டு, பெட்டியின் எண் 192.168.1.8 போடுங்கள். பெட்டி பதில் சொல்கிறதா பார்ப்போம்.

பெரியப்பா: நான்கு வரி பதில் வந்தது.

தேன்மொழி: சரி, வழி இருக்கிறது, வாசலில்தான் தகராறு. இப்போது ஃபோல்டர் ஜன்னலின் மேல் பட்டையில் \\192.168.1.8 அடியுங்கள். அந்தச் சாய்கோடு எண்டருக்கு மேலே இருக்கும்.

பெரியப்பா: "உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது" என்று இங்கிலீஷில் வருகிறது. நான் ரிட்டயராகி 6 வருடம் ஆயிற்று. எந்த நிறுவனம்?

சித்தி: 😂😂

முத்து அண்ணன்: விண்டோஸ் ஃபீச்சர்ஸில் எஸ்எம்பி 1-ஐ, அதான் ஃபோல்டர் பகிர்கிற பழைய முறையை, டிக் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணுங்க பெரியப்பா. எங்கள் ஆபீசில் அப்படித்தான் சரியாச்சு.

தேன்மொழி: ஐயோ அண்ணா, வேண்டாம். 2017 மே மாதம் வானாக்ரை என்ற, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் பரவியதே அந்த எஸ்எம்பி 1 ஓட்டை வழியாகத்தான். இங்கே கோளாறும் அது இல்லை. பெரியப்பா, புது லேப்டாப் விண்டோஸ் 11 ப்ரோதானே?

பெரியப்பா: ஆமாம். பழையது ஹோம்.

தேன்மொழி: அதுதான். இத்தனை நாள் பாஸ்வேர்டே இல்லாமல் விருந்தாளியாக உள்ளே போய்வந்தீர்கள். 2024-ல் வந்த 24எச்2 என்ற விண்டோஸ் 11 அப்டேட்டிலிருந்து ப்ரோவில் அது கிடையாது. போய்வரும் ஒவ்வொரு டேட்டா பொட்டலத்திலும், நடுவில் யாரும் மாற்றவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்து கேட்கும். பாஸ்வேர்டு இல்லாத விருந்தாளிக்குக் கையெழுத்துப் போடச் சாவி ஏது? தடையை நீக்கவும் வழி உண்டு, ஆனால் நான் சொல்லித்தர மாட்டேன். பிரவுசரில் அதே எண்ணை அடித்தால் பெட்டியின் பக்கம் வரும். அட்மினாக நுழைந்து, உங்கள் பெயரில் ஒரு யூசர், ஒரு பாஸ்வேர்டு. போட்டோ ஃபோல்டருக்கு அனுமதியும் கொடுங்கள்.

காலை 8:25
பெரியப்பா: எல்லாம் செய்தேன். பாஸ்வேர்டு தப்பு என்கிறது. மூன்று தடவை.

தேன்மொழி: எதை அடித்தீர்கள்?

பெரியப்பா: லேப்டாப் திறக்க அடிக்கும் 4 எண்.

தேன்மொழி: அந்த பின் லேப்டாப்போடு சரி, பெட்டிக்குத் தெரியாது. சற்று முன் பெட்டியில் வைத்தீர்களே, அந்தப் பெயரும் அந்தப் பாஸ்வேர்டும். கீழே நினைவில் வைக்கச் சொல்லும் கட்டத்தில் டிக் போடுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கும் கேட்கும்.

பெரியப்பா: திறந்துவிட்டது!!!

பெரியப்பா: 📷 படம்

முத்து அண்ணன்: பாட்டி சிரிக்கிற படம். அருமை.

சித்தி: இதில் அத்தையின் மூக்குத்தி தெரியவில்லையே. என் கல்யாணப் படங்களில் பாருங்கள் அத்தான், மாம்பழக் கலர் புடவை.

பெரியப்பா: 2009 ஃபோல்டரில் 1,400 படம் இருக்கிறது. முத்து, ஸ்டூடியோக்காரரிடம் 12 மணி என்று சொல்லிவிடு.