பழைய ஓட்டு வீட்டுல புது பூச்சு பொரிஞ்சு கொட்டுது, ஜிப்சம் போடலாமா? (அவசரம்)

தக்கலைக்காரன்:
தாத்தா கெட்டுன வீடு, பழைய பூச்ச கொத்திட்டு சிமெண்ட் பூசி பட்டி போட்டு பெயிண்ட் அடிச்சோம், இப்ப தரையில இருந்து இடுப்பளவு கொப்புளம் கொப்புளமா வந்து கைய வச்சா வெள்ளப்பொடி கொட்டுது, கொத்தனாரு அத கொத்திட்டு ஜிப்சம் அடிச்சா நிக்கும்னு சொல்லுதாரு. அடுத்த மாசம் தங்கச்சி கல்யாணம். போடலாமா வேண்டாமா அத மட்டும் சொல்லுங்க

மழைக்காலம்:
சுவர் எதுல கெட்டுனது அண்ணே, வெட்டுக்கல்லா செங்கலா மண்ணா? எல்லா ரூம்லயுமா ஒரு சுவர் மட்டுமா?

கொளச்சல்வாசி:
மணல்தான் பிரச்சனை. உப்பு மணல் கலந்திருப்பானுவ, கடலோரத்துல பாதி வீடு இதுனாலதான் பொரியுது. ஒரு துளி நாக்குல வச்சு பாருங்க

தக்கலைக்காரன்:
எம் சாண்ட் (பாறைய உடைச்ச மணல்) தான், நானே லோடு எறக்குனேன்

சைட் என்ஜினியர்:
இதே கேள்விய மாசம் ஒருத்தர் கேக்கீங்க, பழைய பதில தேடிப்படிக்க ஒருத்தருக்கும் பொறுமை கிடையாது. இது ஓதம், தரையில இருந்து ஏறுற ஈரம். அடிப்படையே தெரியாம மணல், உப்புன்னு ஆளாளுக்கு அடிச்சு விடாதீங்க. வாட்டர்ப்ரூஃப் கெமிக்கல் கலந்து திரும்ப பூசுங்க, முடிஞ்சுது

கொத்தன்மவன்:
சாரே, ஓதம்னு சொன்னது சரி, வைத்தியம் தப்பு. அந்த காலத்து வீட்டு அஸ்திவாரத்துல ஈரத்த தடுக்க ஒண்ணும் கிடையாது, மண்ணுல உள்ள தண்ணி கல்லு வழியா மேல ஏறும். கும்மாயம், அதான் சுண்ணாம்புச் சாந்து, பூசுன சுவருன்னா அது வெளிய வந்து காத்துல காஞ்சு போவும். சிமெண்டும் பட்டியும் பிளாஸ்டிக் பெயிண்டும் அடிச்சா போக வழியில்லாம உள்ளயே நிக்கும், கூட வந்த உப்பு பெயிண்டுக்கு அடியில பூத்து தள்ளிவிடும். கெமிக்கல் போட்டா ஈரம் இன்னும் மேல ஏறும். ஜிப்சம் ஈரத்துல இளகிரும், அந்த பேச்சே வேண்டாம்

சைட் என்ஜினியர்:
உடனே சுண்ணாம்புல கடுக்கா, கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு கலக்கணும்னு கிளம்பிருவீங்களே

மழைக்காலம்:
பத்மநாபபுரம் அரண்மனை தரையில முட்டையும் சிரட்டக்கரியும் சேத்துதான் போட்டதுன்னு கைடு சொன்னாரே, இன்னும் முகம் தெரியுற மாதிரி மின்னுதே

சைட் என்ஜினியர்:
கைடு ஆயிரம் சொல்லுவாரு. தரை வேற, சுவர் வேற

கொளச்சல்வாசி:
அந்த அரண்மனை நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுல இருக்கு, ஆனா கவனிக்கது கேரளா தொல்லியல் துறை. 1956-ல ஜில்லா தமிழ்நாட்டுக்கு வந்து என்ன புண்ணியம்

மழைக்காலம்:
அவங்க ஒழுங்கா வச்சிருக்காங்கல்லா, அது போதாதா?

கொத்தன்மவன்:
அரண்மனைய விடுங்க வோய். தக்கலைக்காரரே, எந்த பக்க சுவரு, வெளிய என்ன இருக்கு?

தக்கலைக்காரன்:
வெட்டுக்கல். முற்றத்து பக்க சுவர் மட்டும்தான். வெளிய ஒண்ணும் இல்ல, இன்டர்லாக் கல்லு பதிச்சிருக்கு, பூசுன கையோட போட்டது

கொத்தன்மவன்:
அத இல்லா முதல்ல சொல்லணும்! உள்தரைய விட முற்றம் உசந்து கிடக்கா பாருங்க. இடவப்பாதி (ஜூன் மாச) மழை மொத்தமும் ஓட்டுல இருந்து விழுந்து சுவர் மூட்டுலதான் நிக்கும். சுவரை ஒட்டி ஒன்றரை அடி இன்டர்லாக்க இளக்கி, உள்தரைக்கு கீழ வரைக்கும் தோண்டி ஜல்லி போட்டு, தண்ணி வெளிய ஓடுற மாதிரி சரிவு குடுங்க. உள்ள ஈரம் ஏறுன இடத்துக்கு மேல ஒரு அடி வரை சிமெண்ட கொத்தி எடுங்க, உப்ப காஞ்ச பிரஷ்ல தட்டுங்க, தண்ணி ஊத்தி கழுவுனா திரும்ப உள்ள போவும். அப்படியே காய விடுங்க, வெட்டுக்கல்லு காய மாசக்கணக்கா ஆவும். பிறகு ஒரு பங்கு நீத்துன சுண்ணாம்புக்கு மூணு பங்கு மணல் வச்சு பூசி, மேல சுண்ணாம்பு வெள்ள மட்டும் அடிங்க. பட்டி கூடாது

தக்கலைக்காரன்:
கல்யாணத்துக்கு??

கொத்தன்மவன்:
கொத்துன கல்லு மேலேயே சுண்ணாம்பு அடிச்சு விடுங்க. யாரும் சுவர பாக்க வரமாட்டாங்க

சைட் என்ஜினியர்:
வெளி லெவலதான் நானும் சொல்ல வந்தேன்

மழைக்காலம்:
😂

தக்கலைக்காரன்:
ஒரு வரி இளக்கியாச்சு, அடியில மண்ணு சொதசொதன்னு கிடக்கு, முற்றம் உள்தரைய விட நாலு விரல்கடை உசரம். ஜிப்சம் வேண்டாம்னுட்டேன், கொத்தனாரு கோவிச்சுட்டு வரல. மிச்சம் கல்யாணம் கழிஞ்சு

புதுவீடு:
நாகர்கோவில் பக்கம் நல்ல சிப்பி சுண்ணாம்பு எங்க கிடைக்கும்? யாருக்காவது தெரியுமா