மலைச் சைக்கிள் பின் சஸ்பென்ஷன்: பேரிங் மாற்ற உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. நான் திருவான்மியூர். என் சைக்கிளின் பின் சஸ்பென்ஷன் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கிறீச்சிடுகிறது. ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டுப் பின் சட்டத்தைக் கையால் மேலும் கீழும் அசைத்தேன். கீழ் இணைப்பில் மணல் அரைபடுவதுபோல் நெருடுகிறது. அங்குள்ள பேரிங்கின் மூடியை (சீல்) தூக்கினால் துருவேறிய கிரீஸ். கடற்காற்று வேலையைக் காட்டிவிட்டது.

பேரிங் எண் 6902 (15×28×7 மி.மீ.). பாரிமுனையில் விசாரித்தேன், சாதாரண வகைதான் இருக்கிறது. இந்த இணைப்பு முழுதாகச் சுற்றுவதில்லை, சிறிதளவே அசைகிறது. தாங்கும் பாரமோ அதிகம். அதனால் குண்டுகளைப் பிரித்து வைக்கும் கூண்டு இல்லாமல், உள்ளே முழுக்கக் குண்டுகளே நிறைந்த வகைதான் எனக்கு வேண்டும். சென்னையில் எங்கே கிடைக்கும்?

சுத்தியலால் அடித்து இறக்க மனம் ஒப்பவில்லை, அலுமினியச் சட்டம் பாழாகிவிடும். பேரிங் பிரஸ் (பேரிங்கை அழுத்தி இறக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் ஒருநாள் இரவல் தர முடியுமா? நீள போல்ட்டும் வாஷரும் வைத்தே இறக்கியவர்கள், வெளிவளையத்தை மட்டும் அழுத்த என்ன அளவு வாஷர் பொருந்தியது என்று சொல்லுங்கள்.