ஏற்காடு தொகுதி சுயேச்சைக்கு நூறு, இருநூறாக நிதி திரட்டுவது எப்படி?

நாகலூர்க்காரன்:
எங்கள் பக்கத்து மலைக்கிராமத்துக்காரர் ஒருவர் சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கப்போகிறார். நண்பர் ஒருவரின் ஜிபே எண்ணை வாட்ஸ்அப்பில் போட்டு ஆளுக்கு 100 ரூபாய் கேட்கலாமா?

அஸ்தம்பட்டி:
நண்பர் எண் வேண்டவே வேண்டாம். மனுத்தாக்கலுக்கு ஒரு நாள் முன்பாவது தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். வேட்பாளர் பெயரில், அல்லது தேர்தல் முகவரோடு கூட்டாக. வீட்டார் பெயரில் கூடாது. அந்தக் கணக்கின் கியூஆரை மட்டும் பகிருங்கள். ரொக்கம் என்றால் ஒருவரிடம் 10,000 ரூபாய்க்கு மேல் வாங்காதீர்கள். வந்ததைக் கணக்கில் கட்டிவிட்டுத்தான் செலவு.

பெரும்பாலும் சறுக்குவது பணம் கொடுத்தவர் பெயரில்தான். யுபிஐயில் பலருக்கு இனிஷியலும் பாதிப் பெயரும்தான் வரும். பணம் வந்த அன்றே முழுப்பெயர், முகவரி கேட்டு நோட்டில் ஏற்றுங்கள். 200 பேர் சேர்ந்தபிறகு ஸ்டேட்மென்ட்டை வைத்துத் தேடினால் யார் எவர் என்றே தெரியாது. நூறு ரூபாய் கொடுத்தவருக்கும் அந்த மரியாதை வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை:
வருமான வரிச் சலுகை உண்டு என்று தயவுசெய்து போடாதீர்கள். அந்தச் சலுகை பதிவுபெற்ற கட்சிக்குக் கொடுத்தால் உண்டு, சுயேச்சைக்கு இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற நண்பர் அனுப்பினால் உடனே திருப்பிவிடுங்கள், வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டம் தடுக்கிறது.

நாகலூர்க்காரன்:
டெபாசிட் எவ்வளவு?

அஸ்தம்பட்டி:
ஏற்காடு பழங்குடியினர் தனித்தொகுதி, அதனால் 5,000. முன்மொழிய 10 வாக்காளர்கள். முடிவு வந்து 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் செலவுக் கணக்கு கொடுக்கணும். தோற்றாலும்தான்! தவறினால் 3 ஆண்டு நிற்க முடியாமல் போகலாம்.