எல்லா சர்வீஸும் 99.9%, ஆனாலும் ஆர்டர் போகவில்லை. எதை அளப்பது?

இரவுஷிப்ட்: எங்கள் ஆர்டர் சிஸ்டத்தில் பத்து சர்வீஸ்கள், அதாவது தனித்தனியாக ஓடும் பத்து புரோகிராம்கள். ஒவ்வொரு டீமின் டேஷ்போர்டும் 99.9% என்று பச்சையாக மின்னுகிறது. ஆனால் ஆர்டர் போகவில்லை என்று சப்போர்ட்டுக்கு அழைப்பு வராத நாளில்லை. மேனேஜரோ "சிஸ்டத்தை எவ்வளவு நம்பலாம், ஒரே எண்ணில் சொல்" என்கிறார். என்னத்தைச் சொல்ல?

பழையகோடு: முதலில் பெருக்கிப் பாருங்கள். ஒரு ஆர்டர் பத்தையும் தாண்டித்தான் போகிறது, ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுகிறது என்றால் 0.999-ஐப் பத்து தடவை பெருக்க வேண்டும், வருவது 99%. 30 நாள் மாதத்தில் ஒரு சர்வீஸ் 43 நிமிடம் படுத்தால் மொத்தத்துக்கு ஏழு மணி நேரம் போச்சு. சர்வரை எண்ணாதீர்கள், ஆர்டரை எண்ணுங்கள். வந்தது எத்தனை, ஒழுங்காக முடிந்தது எத்தனை, அவ்வளவுதான்.

இரவுஷிப்ட்: எல்லாவற்றுக்கும் ஸ்டாண்ட்பை, ஒன்று நின்றால் எடுத்துக்கொள்ள இன்னொன்று, இருக்கிறதே?

பழையகோடு: அதிலும் அதே கோடுதானே ஓடுகிறது? 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் கிளம்பி 40 விநாடிக்குள் வெடித்ததே, அதிலும் வழிகாட்டும் கருவி இரண்டு இருந்தது. 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் திணிக்கப் போய் முதலில் ஸ்டாண்ட்பை நின்றது, உடனே மெயினும் நின்றது. டிஸ்க் கெட்டால் ஸ்டாண்ட்பை காப்பாற்றும், கோடில் உள்ள பிழையையே காப்பி எடுத்து வைத்தால் என்ன பிரயோஜனம்.

தோராயம்: தனித்தனி ஆட்களை வைத்து எழுதினாலும் முழுசாகத் தப்ப முடியாது. நைட், லெவ்சன் என்ற இரண்டு கம்ப்யூட்டர் ஆய்வாளர்கள் 1986-இல் ஒரே புரோகிராமை 27 பேர் தனித்தனியாக எழுதியதைச் சோதித்தார்கள். ஒரே இன்புட்டில் பல வெர்ஷன்கள் சேர்ந்து தவறின, தற்செயலாக நடப்பதைவிட மிக அதிகமாக.

இரவுஷிப்ட்: சரி, டெஸ்டில் 1000 ஆர்டர் விட்டோம், ஒன்றுகூடத் தவறவில்லை. 100% என்று எழுதலாமா?

தோராயம்: கூடாது. மூன்றை 1000-ஆல் வகுங்கள், 0.3%. தவறும் விகிதம் அதற்குள் இருக்கும் என்று 95% நம்பிக்கையோடு சொல்லலாம், அதாவது ஒழுங்காக முடிவது 99.7%-க்குக் குறையாது. அதுவும் டெஸ்ட் ஆர்டர்கள் நிஜ ஆர்டர் மாதிரியே இருந்தால்தான். எல்லா டெஸ்டிலும் ஒரே ஒரு பொருள், ஒரே முகவரி என்றால் அந்தக் கணக்கும் செல்லாது.

இரவுஷிப்ட்: லாகை இப்போதுதான் திறந்து பார்த்தேன். பேமெண்ட் சர்வீஸ் நேரத்துக்குள் முடிக்காமல் டைம்அவுட் ஆனாலும் 200, அதாவது 'வெற்றி' என்ற கோடு எண்ணையே பதிலாக அனுப்புகிறது, உள்ளே மெசேஜில்தான் 'தோல்வி' என்று இருக்கிறது. டேஷ்போர்டு அந்த 200-ஐத்தான் இத்தனை நாளாக எண்ணிக்கொண்டிருக்கிறது.