பெயிண்ட்பால் மார்க்கர் வால்வு ஸ்க்ரூ மரை போய்விட்டது, இரண்டாவது ஓட்டை போடலாமா?

கோட்டையூர்க்காரன்:
காரைக்குடிப் பக்கம் ஒரு தைலமரத் தோப்பில் பெயிண்ட்பால் திடல் நடத்துகிறோம். செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிற கும்பல்தான் பெரும்பாலும் ஆட வரும். எல்லாமே பழைய ப்ளோபேக் மார்க்கர்கள், அதாவது சுட்ட வாயுவின் வேகத்திலேயே அடுத்த சூட்டுக்குத் தயாராகிவிடும் பெயிண்ட் குண்டுத் துப்பாக்கிகள். மேலே ஒரு குழாய், கீழே ஒரு குழாய். கீழ்க் குழாய்க்குள் பித்தளை வால்வு. அடியிலிருந்து ஏறும் ஒரே ஒரு ஸ்க்ரூவின் முனை வால்வில் உள்ள குழியில் உட்கார்ந்து அதைப் பிடித்திருக்கிறது. ஒன்றில் அந்த மரை போய், ஸ்க்ரூ சும்மா சுற்றுகிறது. பக்கவாட்டில் ஓட்டை போட்டு எம்5 (5 மி.மீ. ஸ்க்ரூ) அளவுக்கு டாப் அடித்து, அதாவது உள்ளே மரை வெட்டி, இன்னொரு ஸ்க்ரூவும் சேர்த்தால் பழையதைவிட பலமாகத்தானே இருக்கும்?

பட்டறை மணி:
தாராளமாகப் போடலாம் தம்பி. ஸ்டீல் ஸ்க்ரூ அவ்வளவு லேசில் ஒடியாது. லேத் வைத்திருக்கும் யாரிடம் கொடுத்தாலும் அரை மணி நேர வேலை.

தேவகோட்டை மீனா:
மணியண்ணே, ஸ்க்ரூ ஒடியும் என்று யார் சொன்னார்கள்? வால்வுக்கு முன்னால் சிலிண்டர் அழுத்தம், பின்னால் வெறும் காற்று. கரியமில வாயு 21 டிகிரியில் சுமார் 850 பி.எஸ்.ஐ. இருக்கும். குழாயின் உள்விட்டம் 19 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் வால்வைப் பின்னால் தள்ளும் விசை கிட்டத்தட்ட 170 கிலோ, அதாவது ஏழு சிப்பம் அரிசி. அதைத் தாங்குவது அலுமினியச் சுவரில் இருக்கும் மரை. சுவர் இரண்டரை மி.மீ. என்றால் மூன்று மரைதான் தேறும். அது பிய்த்துக்கொண்டால் வால்வைத் தட்டித் திறக்கும் ஹேமர், ஸ்பிரிங் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு வால்வு பின்மூடியில் வந்து மோதும். மூடிக்குப் பின்னால் இருப்பது சுடுகிறவர் முகம்.

இரண்டு ஸ்க்ரூவும் பாரத்தைப் பாதிப் பாதி சுமக்கும் என்பது காகிதத்தில்தான். ஓட்டை ஒரு மயிரிழை தள்ளி விழுந்தாலும் ஒன்று மொத்தத்தையும் சுமக்கும், மற்றது வேடிக்கை பார்க்கும். குழாயில்தான் வீணாக இன்னொரு பலவீனம்.

பட்டறை மணி:
தள்ளி விழாது தங்கச்சி. வால்வை உள்ளே வைத்தபடியே குழாயையும் அதையும் சேர்த்து ஒரே தடவையில் துளைத்தால் நேராகத்தானே வரும்?

தேவகோட்டை மீனா:
நேராக வரும், சரி. வால்வுக்குள் வாயு நிற்கும் அறை எந்த இடத்தில், சுவர் எவ்வளவு தடிமன் என்று பார்க்காமல் துளைத்தால் நேராக அறைக்குள்ளேயே போகும். பிறகு ஓட்டையின் உள்விளிம்பில் நிற்கும் பிசிறு, வால்வை மாட்டும்போதெல்லாம் வாயு கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையத்தை, அந்த ஓ-ரிங்கை, அறுக்கும்.

பன்னீர் சோடா:
நான் சோடா கம்பெனிக்காரன், வால்வு பற்றித் தெரியாது. வாயு பற்றித் தெரியும். அந்த 850 நம் ஊர் மே மாதத்துக்குச் செல்லாது. 31 டிகிரியிலேயே 1070 ஆகிவிடும். அதற்கு மேல் திரவம், வாயு என்ற பேதமே கிடையாது, சிலிண்டரில் எவ்வளவு அடைத்திருக்கிறீர்களோ அதற்குத் தக்கபடி அழுத்தம் ஏறும். தராசில் எடை போட்டு அடைக்கிறீர்களா, குத்துமதிப்பா? அதை முதலில் சொல்லுங்கள்.

கோட்டையூர்க்காரன்:
எடை போட்டுத்தான் அண்ணே. வெயிலிலும் வைப்பதில்லை.

கானாடுகாத்தான்:
எல்லாரும் ஓட்டையைப் பற்றியே பேசுகிறீர்கள். மரை ஏன் போனது? அமெரிக்க வடிவமைப்பு மார்க்கர்களில் அங்குல மரைதான் அதிகம். பத்தாம் நம்பர், அங்குலத்துக்கு 32 மரை ஸ்க்ரூவுக்கு விட்டம் 4.83 மி.மீ., மரைக்கு மரை இடைவெளி 0.79. எம்5-க்கு இடைவெளி 0.8. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பழைய ஸ்க்ரூ தொலைந்து, கடையில் எம்5 வாங்கி அலன் கீ போட்டு முறுக்கியிருப்பார்கள். அலுமினியம் கொஞ்ச நேரம் இடம் கொடுத்துவிட்டு அப்புறம் கழன்றுவிடும்.

கோட்டையூர்க்காரன்:
போன சீசனில் வேலை செய்த பையன் மாற்றியது. ஸ்க்ரூ எம்5 என்று அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பட்டறை மணி:
அப்படியென்றால் புது ஓட்டையே வேண்டாம். இருக்கிற ஓட்டையிலேயே எம்6 டாப் போடுங்கள், அதற்கு வேண்டிய துளை 5 மி.மீ.தான். ஸ்க்ரூவின் முனையை மட்டும் வால்வுக் குழியின் அளவுக்குக் கடைந்தால் வால்வில் கை வைக்க வேண்டியதில்லை. மீனாவுக்கு இது பிடிக்குமா பார்ப்போம்.

தேவகோட்டை மீனா:
பாதி பிடிக்கிறது. சாதாரண எம்6-க்கு இடைவெளி 1 மி.மீ., மூன்று மரைகூடத் தேறாது. 0.75 நைஸ் மரை டாப் வாங்குங்கள், துளையை 5.2-க்குத் திறந்தால் போதும். முனை குழியில் உட்கார்ந்தால் சரி, அடியை அழுத்தக் கூடாது. அழுத்தினால் வால்வு உடல் நசுங்கி, உள்ளே ஊசி இறுகி, பேரல் வழியாக வாயு கசியும். ஸ்க்ரூ தளராமல் இருக்க மரையில் தடவும் பசை, நீல லாக்டைட், ஒரு சொட்டு.

வாயு ஏற்றும் முன் கேஜ் வைத்த கிரீஸ் பம்ப்பில் 1600 பி.எஸ்.ஐ. வரை ஏற்றிப் பாருங்கள். கிரீஸில் பிய்த்துக்கொண்டால் அப்படியே வழிந்துவிடும், வாயு மாதிரி பாயாது. அப்போதும் முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

பட்டறை மணி:
கிரீஸை வழித்துத் துடைக்கவே ஒரு நாள் ஆகும். லாரி பிரேக்குக்குக்கூட இவ்வளவு சோதனை யாரும் செய்வதில்லை தங்கச்சி.

தேவகோட்டை மீனா:
அதனால்தான் நான் காரைக்குடி லாரிக்கு ஒதுங்கி நிற்கிறேன் அண்ணே. சோதனையில் தாண்டினாலும் காசு கொடுத்து ஆட வருகிறவர்கள் கையில் இதைக் கொடுக்கக் கூடாது, சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளட்டும்.

பட்டறை மணி:
சோதனையில் தாண்டியதை எதற்கு ஒதுக்குவது? அப்போது சோதனையே எதற்கு?

கோட்டையூர்க்காரன்:
அதை நீங்கள் இரண்டு பேரும் பேசி முடியுங்கள். மணியண்ணே, ஸ்க்ரூ 12.9 பலத் தரத்தில் வாங்கட்டுமா?

பட்டறை மணி:
வேண்டாம், அது கடினப்படுத்தியது, முனை கடையும்போது டூல் தேயும். 8.8 போதும். மார்க்கரையும் கையோடு கொண்டு வாருங்கள், குழியை அளந்துவிட்டுத்தான் கடைவேன்.