பள்ளிக்குப் போவதை யார் முடிவு செய்வது? எங்கள் குடும்பக் குழுவில் ஒரு ஞாயிறு

மீனா: எல்லோருக்கும் வணக்கம். என் மகள் யாழினி, சித்தியிடம் போனில் சொன்னது அதற்குள் எல்லோர் காதுக்கும் வந்துவிட்டது போலிருக்கிறது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அடுத்த வருடம் பள்ளிக்குப் போகவில்லை, வீட்டிலிருந்தே கற்றுக்கொள்கிறேன் என்று கேட்கிறாள். நாங்கள் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை.

பெரியப்பா: பதினோரு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் மீனா? யாராவது அடித்தார்களா, கேலி செய்தார்களா? முதலில் அதை விசாரி.

மீனா: முதல் வேலையாக அதைத்தான் கேட்டேன் பெரியப்பா. அவள் தோழிகளின் அம்மாக்களிடமும் பேசினேன். அப்படி எதுவும் இல்லை. இருந்திருந்தால் அதைச் சரி செய்ய நேராகப் பள்ளிக்கே போயிருப்பேன். இவள் சொல்வது வேறு. "ஒன்றை யோசிக்க ஆரம்பித்தால் உடனே மணி அடித்துவிடுகிறது. திரும்ப யோசிக்கும்போது அந்த ஆசை போய்விடுகிறது" என்கிறாள்.

சித்தி: எல்லாப் பிள்ளைகளும் ஒரு வயதில் இப்படிச் சொல்லும். நாமும் வயிற்று வலி என்று படுத்தவர்கள்தானே.

கவிதா அண்ணி: மீனா, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. வீட்டில் யார் இருப்பது? நீ பாதி நாள் வேலைக்குப் போகிறாய். பிள்ளை நாள் முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டு உட்காரும். நல்ல வசதியும் நேரமும் இருப்பவர்கள் செய்கிற காரியம் இது. என்னைப் போல இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் பள்ளிதான் பிள்ளைக்குப் பாதுகாப்பு.

மீனா: அண்ணி, நீங்கள் சொல்வதில் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை. நேரம் இல்லாத வீட்டில் இதைச் செய்யவே கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன். பிள்ளையைச் சும்மா விட்டுவிடுவது இல்லை இது. பெரியவர்களுக்கு வேலை கூடத்தான் செய்யும்.

முரளி: ஒரு விஷயம். ஹோம்ஸ்கூலிங் வேறு, அன்ஸ்கூலிங் வேறு. முதலாவதில் பெரும்பாலும் பள்ளியின் பாடத்திட்டமும் நேர அட்டவணையும் அப்படியே வீட்டுக்கு வந்துவிடும், அம்மாதான் டீச்சர். இரண்டாவதில் எதை, எப்போது கற்பது என்பதைப் பிள்ளை தொடங்கும், பெரியவர்கள் கூடவே இருப்பார்கள். இதைப் பரப்பியவர் ஜான் ஹோல்ட் என்கிற அமெரிக்கர். 1977-ல் இதற்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். அவரே பள்ளி ஆசிரியராக இருந்தவர்தான். பிள்ளைகள் கணக்கைப் பார்க்காமல் டீச்சரின் முகத்தைப் பார்த்து விடையை ஊகிக்கிறார்கள் என்று வகுப்பில் உட்கார்ந்து கவனித்து எழுதினார்.

பெரியப்பா: அது உண்மை. நானும் வருடக்கணக்கில் பார்த்தேன். பையன் "ஏழு" என்பான், என் புருவம் கொஞ்சம் அசைந்தால் போதும், "இல்லை சார், எட்டு" என்பான். கணக்கு அவன் மனதில் இருந்ததே இல்லை. ஆனால் அதற்காகப் பள்ளியையே விடுவதா? நல்ல ஆசிரியராகப் பார்த்துச் சேர்க்கலாமே.

கவிதா அண்ணி: ஊக்கம் கொடுத்தால் பிள்ளைகள் படிக்கத்தான் செய்கின்றன. எங்கள் வீட்டில் நல்ல மார்க் வாங்கினால் பரிசு உண்டு. அவனும் படிக்கிறான்.

முரளி: அண்ணி, படிக்கத்தான் செய்வான். பரிசு நின்ற பிறகும் படிப்பானா என்பதுதான் கேள்வி. 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்று மூன்று உளவியலாளர்கள் ஒரு மழலையர் பள்ளியில் இதைச் சோதித்தார்கள். படம் வரைவதில் ஏற்கனவே ஆசை உள்ள பிள்ளைகளாகத் தேர்ந்தெடுத்தார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று சிலருக்கு முன்னாலேயே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. பிறகு அவர்கள் வரைந்த அதே பேனாக்களை வகுப்பில் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தார்கள். முன்னாலேயே பரிசு பேசப்பட்ட பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். வாக்குக் கொடுக்காமல் தந்த பரிசு எந்தக் கெடுதலும் செய்யவில்லை.

கவிதா அண்ணி: ம். அது யோசிக்க வேண்டியதுதான்.

பெரியப்பா: வரைவது சரி. கணக்கு? அது படிப்படியாக ஏற வேண்டிய விஷயம். ஒரு படி விட்டால் போச்சு.

மீனா: பெரியப்பா, உங்களுக்காகவே ஒன்று தேடி வைத்திருந்தேன். 1929-ல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில், மான்செஸ்டர் என்கிற ஊரின் பள்ளிகளுக்கு எல்.பி. பெனசெட் என்பவர் கண்காணிப்பாளர். சில பள்ளிகளில் மட்டும் ஆறாம் வகுப்பு வரை முறையான கணக்குப் பாடத்தைத் தள்ளி வைத்தார். வாய்ப்பாடு இல்லை, கணக்கு நோட்டு இல்லை. ஆறாம் வகுப்பில்தான் தொடங்கினார்கள். அந்த வருட முடிவில், முதலிலிருந்து கணக்குப் படித்து வந்த பிள்ளைகளை இவர்களும் எட்டிப் பிடித்துவிட்டார்கள்.

பெரியப்பா: அந்த ஐந்து வருடம் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? சும்மா இருந்தார்களா?

மீனா: இல்லை. நிறையப் பேசினார்கள், படித்ததைச் சொந்த வார்த்தையில் சொன்னார்கள், நீளம், உயரம், நேரத்தை எல்லாம் கண்ணால் மதிப்பிட்டுப் பிறகு அளந்து பார்த்தார்கள்.

பெரியப்பா: அப்படியென்றால் அங்கே ஓர் ஆசிரியர் இருந்தார். பாடம்தான் இல்லை. இதை நீ மறந்துவிடக் கூடாது.

மீனா: மறக்கவில்லை பெரியப்பா. நான் பயப்படுவதும் அதைப் பற்றித்தான். சுதந்திரம் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்க்கப் போனால் அது பிள்ளையைக் கைவிடுவதுதான்.

சித்தி: பள்ளியிலேயே கொஞ்சம் சுதந்திரம் கொடுத்தால் என்ன? அப்படி எங்கும் இல்லையா?

முரளி: இருக்கிறது சித்தி. இங்கிலாந்தில் சம்மர்ஹில் என்று ஒரு பள்ளி. ஏ.எஸ். நீல் 1921-ல் தொடங்கியது. அங்கே வகுப்புக்குப் போவதும் போகாததும் பிள்ளையின் விருப்பம். 1999-ல் அரசு ஆய்வாளர்கள் வந்து இது சரியில்லை, மாற்று என்றார்கள். பள்ளி வழக்குப் போட்டது. 2000-ல் சமரசம் வந்தபோது அதை ஏற்பதா வேண்டாமா என்று பிள்ளைகள் லண்டனில் நீதிமன்ற அறையிலேயே கூட்டம் நடத்தி, ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். வகுப்பு இன்றும் விருப்பம்தான். அமெரிக்காவில் 1968-ல் தொடங்கிய சட்பரி வேலி பள்ளியிலும் பிள்ளைக்கு ஒரு ஓட்டு, ஆசிரியருக்கு ஒரு ஓட்டு. பள்ளி விதிகளும் அப்படித்தான் முடிவாகின்றன.

சித்தி: நம் வீட்டில் ஓட்டு எடுத்தால் பெரியவர்கள் தோற்றுவிடுவோம் போலிருக்கிறது. சரி, சட்டம் என்ன சொல்கிறது?

முரளி: நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனியில் பள்ளிக்கு அனுப்பியே ஆக வேண்டும், வீட்டில் படிப்பிக்க மிக அரிதாகத்தான் விடுவார்கள். இங்கிலாந்தில் பள்ளியிலோ வேறு வகையிலோ கல்வி கொடுத்தால் போதும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. யார் எங்கே இருந்தாலும் முதலில் அதைப் பார்க்க வேண்டும் அக்கா.

மீனா: பார்த்துவிட்டுத்தான் இவ்வளவு தூரம் பேசுகிறேன் தம்பி.

கவிதா அண்ணி: சரி, இப்படி வளர்ந்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள்? அதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

மீனா: பீட்டர் கிரே என்கிற உளவியலாளரும் ஜினா ரைலியும் இப்படி வளர்ந்த 75 பெரியவர்களிடம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் பிறகு ஏதோ ஒரு மேற்படிப்புக்குப் போயிருக்கிறார்கள், இப்படி வளர்ந்ததில் சந்தோஷம் என்கிறார்கள். ஆனால் அண்ணி, தாமாக முன்வந்து பதில் எழுதியவர்கள் அவர்கள். கசந்து போனவர்கள் எழுதாமலே இருந்திருக்கலாம். அதனால் அதை வைத்து உங்களை ஒத்துக்கொள்ள வைக்கப் பார்க்க மாட்டேன். எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறு. மூன்று பேர் மட்டும் இது நல்லதாக அமையவில்லை என்றார்கள். அந்த மூன்று பேரும் வீட்டுக்குள் அடைபட்டு, மற்றவர்களோடு பழக வழியில்லாமல் வளர்ந்தவர்கள்.

கவிதா அண்ணி: நான் பயப்படுவதும் அதேதான்.

மீனா: ஆமாம் அண்ணி. அதனால்தான் இந்தக் குழுவில் கேட்கிறேன். என் ஒருத்தியால் முடியாது.

பெரியப்பா: உன் நிபந்தனை என்ன? பிள்ளை சொன்னதெல்லாம் சரி என்றா?

மீனா: இல்லை. சாலையில் ஹெல்மெட், தூங்கும் நேரம், போன் நேரம், இதிலெல்லாம் விருப்பம் கேட்பதில்லை. படிப்பில் மட்டும்தான் இந்தப் பேச்சு. முதலில் ஒரு பருவம். பள்ளியில் பேசினோம், ஒரு சின்னத் தேர்வு எழுதி அதே வகுப்பில் திரும்பச் சேரலாம் என்றார்கள். பருவம் முடிந்ததும் அவளே முடிவு செய்வாள். திரும்பப் போகிறேன் என்றால் நான் முகம் சுளிக்கக் கூடாது. "பார்த்தாயா, நீதானே கேட்டாய்" என்று வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. போகாதே என்கிற பக்கம் மட்டும் கதவைத் திறந்து வைத்தால் அதற்குப் பெயர் விருப்பம் இல்லை, நம் ஆசையைப் பிள்ளை தலையில் கட்டுவது.

பெரியப்பா: இது நியாயமாக இருக்கிறது.

மீனா: ஒரு நிமிடம், யாழினி போனைக் கேட்கிறாள்.

மீனா: பெரிய தாத்தா, யாழினி எழுதுகிறேன். பழைய கியர் சைக்கிளைத் தலைகீழாக வைத்துப் பல் சக்கரங்களில் பல் எண்ணினேன். பெடல் பக்கத்தில் 42 பல். பின்னால் பெரியதில் 28, சின்னதில் 14. செயினைச் சின்னதில் போட்டுப் பெடலை ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் மூன்று சுற்று சுற்றுகிறது. பெரியதில் போட்டால் ஒன்றரைதான். சக்கரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு எண்ணினேன். பின்னால் 21 பல் இருந்தால் இரண்டு சுற்றுதானே? அந்தப் பல் சக்கரம் இதில் இல்லை, அதனால் சுற்றிப் பார்க்க முடியவில்லை.

பெரியப்பா: சுற்றிப் பார்க்காமலே இரண்டு என்று எப்படிச் சொன்னாய்?

மீனா: 42-ல் 21 இரண்டு தடவை இருக்கிறது தாத்தா.

பெரியப்பா: 24 பல் இருந்தால்?

மீனா: 24 ஒரு தடவை. மீதி 18. 18 என்பது 24-ல் முக்கால். ஒன்றே முக்கால் சுற்று!

பெரியப்பா: சரி. மூன்று சுற்று சுற்றும் சக்கரத்தில் ஏன் பெடல் மிதிக்கக் கனமாக இருக்கிறது? அதை நான் சொல்ல மாட்டேன். மேட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு நீ சொல்.

மீனா: ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் போவேன். இன்னொன்று தாத்தா, பள்ளியில் விளையாட்டுப் பிரியட் மட்டும் எனக்கு வேண்டும். அதற்கு மட்டும் போக முடியுமா என்று அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள். என் தோழிகள் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள்.

சித்தி: பாவம், அதைத்தான் பிள்ளை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

மீனா: இப்போது நான்தான், மீனா. விளையாட்டுப் பிரியடை நான் யோசிக்கவே இல்லை. நாளைக்கே பள்ளியில் கேட்கிறேன். அவர்கள் மறுத்தால் மாலையில் தோழிகளோடு விளையாட ஓர் ஏற்பாடு செய்யாமல் தொடங்க மாட்டேன்.

பெரியப்பா: விகிதத்தை நான் வகுப்பில் சொல்லிக் கொடுக்க எவ்வளவு பாடுபட்டிருக்கிறேன் தெரியுமா. மீனா, நான் டியூஷன் எடுக்க வர மாட்டேன். அவளாகக் கேட்டால் மட்டும் வருவேன். ஆனால் கேட்டுவிட்டுப் பாதியில் விடக் கூடாது என்று அவளிடம் சொல்.

கவிதா அண்ணி: நான் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. என் மகனுக்கு இதைச் செய்யவும் மாட்டேன், அவனுக்குப் பள்ளி பிடித்திருக்கிறது. யாழினி எந்தெந்த நேரம் தனியாக இருப்பாள், அதைச் சொல்.

மீனா: காலையில் நான் இருப்பேன் அண்ணி. மதியம் அவர் வந்துவிடுவார். புதன்கிழமை மட்டும் அவருக்கு மாலை ஆகிவிடும்.

கவிதா அண்ணி: புதன் மதியம் எனக்கு வேலை இல்லை. நான் வருகிறேன். எனக்குப் பாடம் எல்லாம் நடத்தத் தெரியாது, சொல்லிவிட்டேன்.

மீனா: பாடம் வேண்டாம் அண்ணி, நீங்கள் கூட இருந்தால் போதும். இரண்டு மணிக்கு வந்தால் சரியாக இருக்கும்.