மாலை வகுப்புக்கும் அலையாத்தி நாற்றுக்கும் ஒரு வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். முத்துப்பேட்டை பக்கம் ஒரு மீனவர் தெருவில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து மாலை வகுப்பு நடத்துகிறோம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்ததே, அதில் இங்கே ஓடு, தென்னை, படகு என்று எதுவும் தப்பவில்லை. அப்போது பிள்ளைகளின் புத்தகங்களைக் கயிற்றில் துணி மாதிரி காயப்போட்டிருந்தார்கள். பக்கங்கள் ஒட்டிக்கொண்டு பிரிக்கவே முடியவில்லை. அதைப் பார்த்துத்தான் வகுப்பைத் தொடங்கினோம்.

இப்போது 34 பிள்ளைகள் வருகிறார்கள். கூரை ஒழுகுகிறது, மழை பெய்தால் விடுமுறைதான். ஒரு நிறுவனத்திடம் சிஎஸ்ஆர் நிதி (நிறுவனங்கள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம்) கேட்டோம். வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி வரிவிலக்குப் பதிவும், சிஎஸ்ஆர் நிதி வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவு எண்ணும் இருந்தால்தான் பேச முடியும் என்றார்கள். எங்களிடம் எதுவுமே இல்லை. புதிதாக அறக்கட்டளை பதிவு செய்வதா, ஏற்கெனவே பதிவுள்ள நல்ல தொண்டு நிறுவனத்தோடு சேர்வதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம் இன்னொன்று. புயலில் கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்திக் காடும் (மாங்குரோவ்) நிறைய அழிந்தது. மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, கடல் ஏற்ற இறக்கத்தின் ஓதத் தண்ணீர் உள்ளே வந்து போகும்படி செய்து கன்று நடும் முறை இங்கே பழக்கத்தில் இருக்கிறது. பெரிய பிள்ளைகளை அதில் ஈடுபடுத்த ஆசை. வனத்துறை அனுமதி வாங்கி இதைச் செய்யும் அமைப்பு எது, யாரிடம் கேட்க வேண்டும்?

பணம் இப்போது வேண்டாம். வழி தெரிந்தால் போதும். பழைய தார்ப்பாய் இருந்தால் மட்டும் சொல்லுங்கள், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.